ஆட்டத்துக்கு ஆறு பவுண்டு

2007 கோடையில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிட்டி கால்பந்து கிளப் நான்காம் அடுக்குக்குச் சரிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் அது பிரீமியர் லீகில் மான்செஸ்டர் யுனைடெட்டோடும் ஆர்சனலோடும் மோதிக்கொண்டிருந்தது. 2001, 2004, 2007 என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு படி இறங்கி, இங்கிலாந்துக் கால்பந்து லீகின் கடைசிப் படிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதற்கும் கீழே விழுந்தால் லீகை விட்டே வெளியேற வேண்டும். இப்படிப்பட்ட நிலையில் எந்தக் கிளப்பாக இருந்தாலும் கூட்டம் கரையும். தோற்கும் அணியைப் பார்க்க மழையிலும் குளிரிலும் யார் வந்து உட்காருவார்கள்?

பிராட்ஃபோர்டில் கூட்டம் ஏறியது. மூன்றாம் அடுக்கில் ஆடிய முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் வந்தார்கள். நான்காம் அடுக்கில் அது 13,000-ஐத் தாண்டியது. அந்த அடுக்கின் மற்ற கிளப்புகளில் பலவற்றுக்கு நாலாயிரம் பேர் வந்தாலே நல்ல கூட்டம். பெரிய நட்சத்திர ஆட்டக்காரர் யாரும் வரவில்லை; மைதானமும் பழைய மைதானம்தான். மாறியது விலை. பெரியவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்கு நிர்ணயித்தது நிர்வாகம். சொந்த மைதானத்தில் 23 லீக் ஆட்டங்கள். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்குச் சரியாக ஆறு பவுண்டு. 12,000-க்கும் மேற்பட்ட சீசன் டிக்கெட்டுகள் விற்றன.

சிறு கிளப்புகள் டிக்கெட் விலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும். மலிவான சீசன் டிக்கெட்டை ரசிகர்களுக்குக் காட்டும் தயவு என்றும், ஏழை ஊருக்குக் கொடுக்கும் சலுகை என்றும் பலர் பேசுகிறார்கள். அது தவறான பேச்சு. சிறு கிளப்பிடம் விற்பதற்கு இருக்கும் ஒரே பெரிய சரக்கு அதன் கூட்டம். அந்தக் கூட்டத்தை வளர்க்கும் விலைதான் அதற்கு நியாயமான விலை, லாபமான விலையும் அதுவே.

பிராட்ஃபோர்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இந்த முடிவின் கனம் புரியும். வடக்கு இங்கிலாந்தில், மேற்கு யார்க்‌ஷயரில் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் உலகின் கம்பளித் தலைநகரம். ஆலைப் புகைபோக்கிகளை வைத்தே ஊரை அடையாளம் காட்டலாம் என்ற அளவுக்குத் தொழில் செழித்தது. 1903-ல் தொடங்கிய கிளப் 1911-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அந்த ஆண்டுதான் கோப்பையைப் புதிதாக வார்த்திருந்தார்கள். வார்த்தது பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஃபட்டோரினி நிறுவனம். சொந்த ஊரில் செய்த கோப்பையை முதல் ஆண்டிலேயே சொந்த ஊர் அணி தூக்கி வந்தது. பிறகு ஆலைகள் மூடின. வேலை தேடி வந்த தெற்காசியக் குடும்பங்கள் ஊரில் பெருகின, ஆனால் வேலை பெருகவில்லை. பக்கத்திலேயே லீட்ஸ் யுனைடெட் என்ற பெரிய கிளப் இருக்கிறது. ஊருக்குள்ளேயே ரக்பி லீகில் பிராட்ஃபோர்ட் புல்ஸ் இருக்கிறது. சட்டைப்பையில் காசு குறைவு, கூப்பிடும் இடங்கள் அதிகம்.

துயரமும் உண்டு. 1985 மே 11. மூன்றாம் டிவிஷன் பட்டத்தை வென்று, கோப்பையை வாங்கிக் கொண்டாடிய நாள். லிங்கன் சிட்டியோடு ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வேலி பரேடு மைதானத்தின் மரத்தாலான பழைய ஸ்டாண்டில் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் ஸ்டாண்டு முழுவதும் எரிந்து போனது. 56 பேர் இறந்தார்கள். அந்த ஊரில் கால்பந்து மைதானத்துக்குப் போவது பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குள் அடங்காது. தாத்தாவை அந்தத் தீயில் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே மைதானத்தில் உட்காருகிறார்கள்.

1999-ல் கிளப் பிரீமியர் லீகுக்கு ஏறியது. முதல் சீசனின் கடைசி நாளில் டேவிட் வெதராலின் தலையடி கோலால் லிவர்பூலை 1-0 என்று வென்று மயிரிழையில் தப்பியது. அந்த வெற்றியின் மயக்கத்தில் 2000 கோடையில் நிர்வாகம் கண்மண் தெரியாமல் செலவழித்தது. இத்தாலிய ஆட்டக்காரர் பெனிட்டோ கார்போனேவுக்கு வாரச் சம்பளம் மட்டும் 40,000 பவுண்டு. அந்தக் கோடையின் ஆறு வாரத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று பின்னாளில் கிளப் தலைவர் ஜெஃப்ரி ரிச்மண்டே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே அணி கீழே இறங்கியது. ஐடிவி டிஜிட்டல் தொலைக்காட்சி நிறுவனம் கவிழ்ந்ததில் லீக் கிளப்புகளுக்கு வரவேண்டிய பணமும் போனது. 2002-ல் ஒருமுறை, 2004-ல் மறுமுறை, கடன்காரர்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள நிர்வாகியின் பொறுப்பில் விட வேண்டிய நிலை. மைதானமே கை மாறி, முன்னாள் தலைவர் ஒருவரின் குடும்ப ஓய்வூதிய நிதிக்குச் சொந்தமானது. கிளப் தன் பழைய வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருக்கத் தொடங்கியது.

25,000 பேர் உட்காரக்கூடிய அந்த வாடகை வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பியது. கிளப்பை மீட்ட ஜூலியன் ரோட்ஸ் எடுத்த முடிவு இந்தப் பின்னணியில் வந்தது. பணமில்லாத கிளப் விலையை ஏற்றும் என்பதே எல்லோரின் எதிர்பார்ப்பு. அவர் இறக்கினார்.

கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம். 12,000 பேர் 138 பவுண்டு கொடுத்தால் பதினாறரை லட்சம் பவுண்டு. 6,000 பேர் 276 பவுண்டு கொடுத்தாலும் அதே தொகைதான். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் விலை குறைவு என்பதால் உண்மைத் தொகை இதைவிடக் குறையும்; அது இரண்டு கணக்குக்கும் பொருந்தும். அன்றைய 17.5 சதவீத மதிப்புக் கூட்டு வரியைக் கழித்தால் ஆறு பவுண்டில் கிளப்பின் கையில் நிற்பது ஐந்து பவுண்டும் சில்லறையும். பார்வைக்கு அற்பம்தான். ஆனால் 12,000 பேர் வந்தால் 12,000 பேருக்கும் பசிக்கும். அவர்கள் பை வாங்குவார்கள், டீ வாங்குவார்கள், ஆட்ட நிகழ்ச்சி நிரல் புத்தகம் வாங்குவார்கள், பிள்ளைக்கு ஜெர்சி வாங்குவார்கள். விளம்பரப் பலகைக்குக் காசு கொடுக்கும் உள்ளூர்க் கடைக்காரர் தன் பலகையை எத்தனை கண்கள் பார்க்கும் என்று கணக்குப் பார்ப்பார். காலி நாற்காலியோ ஒரு பைசா தராது. அதைத் துடைக்கவும் கிளப்தான் ஆள் வைக்க வேண்டும்.

சீசன் டிக்கெட்டுக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. பணம் முன்கூட்டியே வருகிறது. மே மாதம் சீசன் முடிந்து ஆகஸ்டில் அடுத்தது தொடங்கும்வரை சிறு கிளப்புக்கு வாசல் வசூல் கிடையாது. சம்பளமோ ஜூன், ஜூலையிலும் கொடுத்தாக வேண்டும். வசந்த காலத்திலேயே விற்ற சீசன் டிக்கெட் பணம்தான் அந்த மாதங்களைத் தாண்ட உதவும் தோணி. வங்கியிடம் வட்டிக்கு வாங்குவதற்குப் பதிலாக ரசிகரிடம் வட்டியில்லாமல் வாங்குகிறது கிளப். வட்டியில்லாக் கடன் கொடுப்பவருக்கு விலையில் தள்ளுபடி கிடைப்பதில் தவறென்ன?

வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தாலும் 138 என்பது யோசித்து வைத்த எண். வாசலில் ஒரு ஆட்டத்துக்கு 20 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், ஏழு ஆட்டங்களுக்கு வந்தாலே சீசன் டிக்கெட்டுக்கான காசு கழிந்துவிடும். ஆண்டுக்கு எட்டுப் பத்து ஆட்டங்கள் பார்க்கிறவர், வாரா வாரம் வருவேனோ மாட்டேனோ என்று தயங்குகிறவர், இவர்களைத்தான் இந்த விலை உள்ளே இழுத்தது. டிக்கெட் கையில் வந்த பிறகு மீதி ஆட்டங்கள் அவருக்கு இலவசம்போலத் தோன்றும். பத்து ஆட்டம் பார்க்க நினைத்தவர் பதினெட்டு ஆட்டம் பார்ப்பார். அடுத்த வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொள்வார். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமாக வரும்போதுதான் இந்த விலையின் முழுப் பலன் தெரியும். 300 பவுண்டுக்கு விற்றால் அப்பா மட்டும் வருவார், அல்லது மூத்த பையனை மட்டும் கூட்டி வருவார். அந்த வீட்டுப் பெண் பிள்ளை மைதானத்தையே பார்க்காமல் வளர்ந்துவிடுவாள்.

எதிர்வாதம் இல்லாமலில்லை. அதில் முதன்மையானது வலுவானதும்கூட. இங்கிலாந்தின் கீழ் அடுக்குகளில் சம்பளக் கட்டுப்பாட்டு விதி ஒன்று இருக்கிறது. நான்காம் அடுக்கில் ஒரு கிளப் தன் வருமானத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் ஆட்டக்காரர் சம்பளத்துக்குச் செலவழிக்கலாம். ஆகவே தலைக்கு வரும் வருமானம் குறைந்தால் நல்ல ஆட்டக்காரரை வாங்கும் சக்தியும் குறையும். கூட்டம் இரண்டு மடங்கு இருந்தும் கஜானா இரண்டு மடங்கு இருக்காது. பிராட்ஃபோர்டின் அடுத்த சில ஆண்டுகள் இந்த வாதத்துக்குச் சாட்சி சொல்வதுபோலவே இருந்தன. ஊரின் செல்லப்பிள்ளையான முன்னாள் ஆட்டக்காரர் ஸ்டூவர்ட் மெக்கால் மேலாளராகத் திரும்பி வந்தார். முதல் சீசனில் பத்தாவது இடம். அடுத்து ஒன்பது. பிறகு பதினான்கு, பதினெட்டு, மறுபடியும் பதினெட்டு. லீகை விட்டே வெளியேறும் அபாயம் வாசல்வரை வந்து நின்றது. மலிவு டிக்கெட் அணியை உயர்த்தவில்லை என்று சொல்பவர்கள் இந்த ஐந்து ஆண்டுகளைக் காட்டலாம்.

அதே ஐந்து ஆண்டுகளைத்தான் இந்தக் கட்டுரையும் காட்டுகிறது. இந்த ஐந்து சீசன்களிலும் சராசரிக் கூட்டம் 10,000-க்குக் கீழே இறங்கவில்லை. நான்காம் அடுக்கின் அடிவாரத்தில் திணறும் அணிக்கு, பிரீமியர் லீக் வெற்றியை ருசித்த ஊரில், பத்தாயிரம் பேர் தொடர்ந்து வந்தார்கள். வெற்றியைப் பார்க்க வரும் கூட்டம் தோல்வியில் ஓடிவிடும். தோல்வியிலும் வந்து உட்காரும் பழக்கத்தை எந்த விளம்பர நிறுவனத்தாலும் உண்டாக்க முடியாது. கட்டுப்படியாகும் விலையும், ஆண்டுக்கணக்கான பொறுமையும்தான் உண்டாக்கும். 2012-ல் பிராட்ஃபோர்டிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

பிறகு நடந்ததை இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஃபில் பார்க்கின்சன் பயிற்சியில் 2012–13 லீக் கோப்பையில் பிராட்ஃபோர்ட் பிரீமியர் லீக் அணிகளை ஒவ்வொன்றாக வீழ்த்தியது. விகனைப் பெனால்டியில் வென்றது. 2012 டிசம்பர் 11 அன்று ஆர்சன் வெங்கரின் ஆர்சனல் வேலி பரேடுக்கு வந்தது. மைதானம் ஹவுஸ்ஃபுல். 1-1 என்று முடிந்து பெனால்டியில் ஆர்சனலும் விழுந்தது. அரையிறுதியில் ஆஸ்டன் வில்லா இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-3 என்று தோற்றது. 1962-ல் ராச்டேலுக்குப் பிறகு லீக் கோப்பை இறுதிக்குப் போன நான்காம் அடுக்கு அணி பிராட்ஃபோர்ட்தான். 2013 பிப்ரவரி 24 அன்று வெம்பிளியில் ஸ்வான்சி 5-0 என்று அடித்து நொறுக்கியது; அதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. மூன்று மாதம் கழித்து அதே வெம்பிளியில் நார்தாம்ப்டனை 3-0 என்று வென்று மூன்றாம் அடுக்குக்கு ஏறினார்கள். 2015 ஜனவரியில் மொரீன்யோவின் செல்சியை, அந்த ஆண்டு லீக் பட்டம் வெல்லவிருந்த செல்சியை, அதன் சொந்த மைதானத்திலேயே 0-2 என்ற பின்னடைவிலிருந்து மீண்டு 4-2 என்று வென்றார்கள்.

புகழ் ஏறினால் விலையும் ஏற வேண்டும் என்று எந்த எம்.பி.ஏ. பட்டதாரியும் சொல்வார். செல்சியை வென்ற அதே ஆண்டு பிராட்ஃபோர்ட் அடுத்த சீசனுக்கான டிக்கெட்டை 149 பவுண்டுக்கு விற்றது. 18,000-க்கும் மேல் விற்றது. மூன்றாம் அடுக்குக் கிளப் ஒன்றில் சராசரி 18,000 பேர்! மேல் அடுக்கில் ஆடும் பல கிளப்புகளால்கூட நினைத்துப் பார்க்க முடியாத எண் இது. பிறகு ஜெர்மன் முதலாளிகள் வந்தார்கள். மறுபடியும் மேலாளராக இருந்த மெக்காலை 2018-ல் அவசரப்பட்டு நீக்கினார்கள். 2019-ல் அணி மீண்டும் நான்காம் அடுக்குக்கு விழுந்தது. கூட்டம் விழவில்லை. 2022–23 சீசனில் நான்காம் அடுக்கிலேயே சராசரி 17,000-க்கு மேல். 2025 மே 3 அன்று ஃப்ளீட்வுட்டுக்கு எதிராக 96-வது நிமிடத்தில் அன்டோனி சார்செவிச் அடித்த கோலால் அவர்கள் மூன்றாம் அடுக்குக்குத் திரும்பியபோது, அந்த கோலைப் பார்க்க ஊரே மைதானத்தில் இருந்தது.

இந்த ஆறு பவுண்டுக்கு இன்னொரு வரலாற்றுத் தொடர்பும் இருக்கிறது. அது பெரிய கிளப்புகளை வெட்கப்பட வைக்க வேண்டிய தொடர்பு. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழக்கக் காரணமான பேரழிவு நடந்தது. அதை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் தந்த இறுதி அறிக்கையில், நின்று பார்க்கும் இடங்களை நீக்கிவிட்டு மைதானம் முழுக்க நாற்காலி போடச் சொன்னார். நாற்காலி வந்தால் விலை ஏறிவிடுமே என்ற கவலைக்கு அவர் பதிலும் வைத்திருந்தார். நின்று பார்க்கிறவர்களின் சக்திக்கு ஏற்ற விலையில் மலிவு நாற்காலிகளைத் தர முடியும் என்றார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டுதான் வாங்குகிறார்கள் என்று எடுத்துக்காட்டும் கொடுத்தார்.

பெரிய கிளப்புகள் அறிக்கையின் முதல் பாதியை எடுத்துக்கொண்டன, நாற்காலி போட்டன. இரண்டாம் பாதியைக் கைகழுவின. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் ஒரு பிரிவு டிக்கெட்டை 77 பவுண்டாக்கப்போவதாக அறிவித்தபோது, சன்டர்லாந்துடனான ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அதன் பிறகுதான் முதலாளிகள் பின்வாங்கினார்கள். டெய்லர் சொன்ன ஆறு பவுண்டை 17 ஆண்டு கழித்து நடைமுறையில் காட்டியது, இரண்டு முறை திவாலின் விளிம்புக்குப் போய் வந்த பிராட்ஃபோர்ட். இடைப்பட்ட விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துப் பார்த்தால் பிராட்ஃபோர்டின் விலை டெய்லர் காட்டியதைவிடவும் மலிவு.

பக்கத்து ஊர் ஹட்டர்ஸ்ஃபீல்டும் இந்த வழியில் நடந்தது. பழைய வாக்கைக் காப்பாற்றியதற்காகவே அந்தக் கிளப்பைப் பாராட்ட வேண்டும். 2016–17 சீசனுக்கு இரண்டாம் அடுக்கில் 179 பவுண்டுக்கு டிக்கெட் விற்றார்கள். நிரம்பாத மைதானம் நிரம்பத் தொடங்கியது, அணியும் 1972-க்குப் பிறகு முதன்முறையாக உச்ச அடுக்குக்கு ஏறியது. இடையில் ஒரு வேடிக்கையான சிக்கல். பல ஆண்டுகளுக்கு முன், இடைவிடாமல் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு என்றாவது பிரீமியர் லீகுக்குப் போனால் 100 பவுண்டுக்கே டிக்கெட் என்று உரிமையாளர் டீன் ஹாய்ல் வாக்களித்திருந்தார். அப்போது அது யாருக்கும் நம்பிக்கை இல்லாத பேச்சு. 2017-ல் நிஜமாகவே போய்விட்டார்கள். ஏறக்குறைய 4,000 பேர் அந்த வாக்குக்கு உரியவர்களாக இருந்தார்கள். ஹாய்ல் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடிக்கும் கிளப்புக்கே தொலைக்காட்சிப் பங்காக ஏறத்தாழ 10 கோடி பவுண்டு வந்த காலம் அது. அந்த 4,000 பேரிடம் இன்னும் சில நூறு பவுண்டு கறந்திருந்தால் கிளப்புக்கு வந்திருக்கக்கூடிய தொகை அந்தக் கடலில் ஒரு சொட்டு.

எல்லோருக்கும் ஒரே மலிவு விலை என்பதுதான் ஒரே வழி என்றில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டை கிளேசர் குடும்பம் வாங்கியதை எதிர்த்து 2005-ல் ரசிகர்களே தொடங்கிய எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர், ஒரு குறைந்தபட்சத் தொகையை வைத்துவிட்டு, அதற்கு மேல் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று சீசன் டிக்கெட்டை விற்றது. ரசிகர்களே உரிமையாளர்களாக இருக்கும் இடத்தில் இது நடக்கும். ஜெர்மனியில் ஃபோர்டுனா டுசல்டார்ஃப் 2023-ல் இன்னும் துணிந்து, சில ஆட்டங்களை முழுக்க இலவசமாக்கியது. ஐந்து ஆண்டில் 4.5 கோடி யூரோ தரும் விளம்பரதாரர்கள் அதற்குப் பின்னால் நின்றார்கள். முதல் இலவச ஆட்டத்தில், வழக்கமாகப் பாதிக்குச் சற்று மேல் நிரம்பும் மைதானம் வழிந்தது. கைசர்ஸ்லவுட்டர்ன் அணியிடம் 0-3 என்று பின்தங்கியிருந்த ஃபோர்டுனா 4-3 என்று வென்றது. உற்சாகமான முயற்சிதான். ஆனால் விளம்பரதாரர் விலகினால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ரசிகர் ஆறு பவுண்டாவது கொடுக்கும்போது கிளப் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. விளம்பரதாரர் முழுத் தொகையும் கொடுக்கும்போது கிளப் விளம்பரதாரருக்கே கடன்பட்டிருக்கும்.

மலிவு விலை ஆதரவாளர்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஒரு குறை உண்டு. இங்கிலாந்தில் கிளப்புகள் அறிவிக்கும் வருகை எண் பெரும்பாலும் விற்ற டிக்கெட்டின் எண். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் மைதானத்தில் இருப்பார். டிக்கெட் மலிவாக இருந்தால் ஒரு ஆட்டத்தைத் தவறவிடுவது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை இரவு, பனித்தூறல், எதிரே ஒரு சாதாரண அணி என்றால், ஆறு பவுண்டு போனால் போகட்டும் என்று சோபாவில் சாய்ந்துவிடுவார்கள். 18,000 என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது கண்ணெதிரே காலி நாற்காலிகள் வரிசையாகத் தெரியும். பிராட்ஃபோர்டையும் எதிரணி ரசிகர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வதுண்டு.

இதற்கு விலையை ஏற்றுவது மருந்தாகாது. வராதவர் தன் இருக்கையை அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் எளிதாகத் திருப்பிக் கொடுக்கவும், கிளப் அதை வேறொருவருக்கு விற்று ஒரு பங்கை அவர் கணக்கில் வரவு வைக்கவும் வழி செய்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த இடங்களைக் கொடுக்கலாம். குறிப்பாக, மைதானத்துக்கு நடந்தே வரும் தூரத்தில் வசித்தும் ஸ்டாண்டுகளில் குறைவாகவே தென்படும் பிராட்ஃபோர்டின் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு. மலிவு விலை கதவைத் திறந்தது. அந்தத் தெருக்களுக்குப் போய்க் கூப்பிடுவது விலையால் முடிகிற காரியமில்லை, ஆட்களால் முடிகிற காரியம். இதில் கிளப் செய்ய வேண்டியது நிறைய மிச்சமிருக்கிறது.

மைதானத்தில் கூட்டம் இருக்க வேண்டும் என்ற அக்கறை இங்கிலாந்துக் கால்பந்துக்குப் புதிதில்லை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களை அந்த நாட்டில் இன்றும் நேரடியாக ஒளிபரப்புவதில்லை. பெரிய கிளப் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினால் சிறு கிளப் மைதானம் காலியாகிவிடும் என்று 1960-களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட் வாதாடிப் பெற்ற பாதுகாப்பு அது. ஆனால் ஒளிபரப்பைத் தடுத்துக் கூட்டத்தைக் காப்பாற்ற நினைக்கும் லீக், டிக்கெட் விலையைப் பொறுத்தவரை ஒவ்வொரு கிளப்பின் விருப்பத்துக்கும் விட்டுவிட்டது. வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு 2016-ல் வந்தது. அதுவும் பிரீமியர் லீகில் மட்டும்தான், அதுவும் ரசிகர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அரச ஒப்புதல் பெற்ற கால்பந்து நிர்வாகச் சட்டம் சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. டிக்கெட் விலை குறித்தும் கிளப்புகள் ரசிகர்களைக் கலந்து பேச வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். கலந்து பேசுவது என்றால் விலையை அச்சடித்துவிட்டுக் கூட்டம் போட்டு அறிவிப்பது என்று ஆகிவிடக் கூடாது. பேச்சு ஜனவரியில், விலை முடிவாவதற்கு முன் நடக்க வேண்டும். மேசையில் இரண்டு எண்கள் இருக்க வேண்டும்: விற்ற டிக்கெட் எத்தனை, வாசல் எந்திரத்தைக் கடந்து உள்ளே வந்த தலைகள் எத்தனை. 16 வயதுக்குக் கீழே எத்தனை பேர் வந்தார்கள், போன ஆண்டு டிக்கெட் வைத்திருந்து இந்த ஆண்டு புதுப்பிக்காதவர்கள் எத்தனை பேர், ஏன் என்ற விவரங்களும் வேண்டும். மூன்றாம் அடுக்குக்குத் திரும்பிவிட்ட பிராட்ஃபோர்டில், வெற்றி தந்த தெம்பில் விலையைக் கொஞ்சம் ஏற்றிப் பார்க்கலாம் என்ற ஆசை நிர்வாகத்துக்கு வருவது இயல்பு. அப்போது 2007 முதல் 2012 வரை, பதினெட்டாவது இடம்வரை சரிந்த அணியைப் பார்க்க வந்த அந்தப் பத்தாயிரம் பேரின் பிரதிநிதிகள் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும், வாக்குரிமையோடு.